பழைய சோலார் செல்லிலிருந்து சிலிக்கான் கார்பைடு: டெல்டாவில் எது முடியும், எது முடியாது

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அரசுத் திட்டத்தில் கட்டிய பசுமை வீடுகளின் கூரையிலிருந்தும், தெருவிளக்குக் கம்பங்களிலிருந்தும், பம்ப்செட் கொட்டகைகளிலிருந்தும் கழற்றிய பழைய சோலார் பேனல்கள் அவருடைய ஊராட்சியில் சமுதாயக் கூடத்தின் பின்புறம் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றிலுள்ள செல்களைப் பொடித்து உமிக்கரியோடு கலந்து சுட்டால் சிலிக்கான் கார்பைடு என்ற விலைபோகும் செராமிக் (பீங்கான் இனத்தைச் சேர்ந்த கடினப் பொருள்) கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா, உண்மையென்றால் அதை நம் செங்கல் சூளையிலோ விருத்தாசலத்துப் பீங்கான் சூளையிலோ செய்துவிட முடியாதா என்று அவர் கேட்கிறார்.

முதல் பாதிக்கு விடை, உண்மைதான். இரண்டாம் பாதிக்கு விடை, அந்தச் சூளைகளில் முடியாது. ஆனால் அந்தப் பேனல் அடுக்கிலிருந்து செராமிக் தொழிலுக்குப் போகக்கூடிய பொருள் சிலிக்கான் மட்டுமல்ல. எடைக் கணக்கில் பார்த்தால் அது மிகச் சிறிய பங்கு. ஆகவே பேனலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பம்ப்செட்டுக்குப் போடும் 72 செல் பேனல் ஒன்றின் எடை ஏறத்தாழ 22 கிலோ. அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கண்ணாடியும், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அலுமினியச் சட்டமும் இருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி பிளாஸ்டிக். செல் என்பது 156 மில்லிமீட்டர் சதுரமும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனும் உள்ள சிலிக்கான் வில்லை. சிலிக்கானின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.33 கிராம் என்பதால் ஒரு செல்லின் எடை 10 கிராமுக்குப் பக்கத்தில் வரும். 72 செல்லுக்கும் சேர்த்து முக்கால் கிலோவைத் தொடாது. ஓர் உடைந்த செல்லைக் கையிலெடுத்துப் பாருங்கள். முகப்பில் தெரியும் நீலம் சிலிக்கானின் நிறமன்று. ஒளி திரும்பிப் போகாதிருக்க அதன்மேல் பூசிய, 80 நானோமீட்டர் அளவே தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு படலத்தின் நிறம். அந்தப் படலமே ஒரு செராமிக்தான். அதன்மேல் ஓடும் மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசையால் அச்சிட்டவை. செல்லுக்குச் செல் ஓடும் பட்டை, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு பூசிய செம்பு. முதுகில் சாம்பல் நிறமாக இருப்பது அலுமினியப் பசை, செல்லுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்.

டெல்டாவில் பேனல்கள் வீணாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றும், மழைக்கால ஈரமும் முதுகுப்புறப் பிளாஸ்டிக் தாள் வழியே மெல்ல உள்ளே போகின்றன. செல்லைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்திருக்கும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பிசின் ஈரத்தில் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் வெள்ளிக் கோடுகளையும் பற்றாசையும் அரிக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் பெயர்ந்து விழுந்தவற்றைப் போலச் சில பேனல்கள் கண்ணாடி நொறுங்கிப் போகின்றன. இவற்றில் எதுவுமே சிலிக்கானைத் தொடுவதில்லை. மின்சாரம் தராத செல்லுக்குள்ளும் சிலிக்கான் புதிதாக இருந்தபடியே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். முதுகிலுள்ள இணைப்புப் பெட்டியில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு என்ற சிறு பாகங்கள் வழக்கமாக மூன்று இருக்கும். அவற்றில் ஒன்று போனாலே பேனலின் மூன்றில் ஒரு பகுதி முடங்கிப்போகும். டயோடு சில ரூபாய்ப் பொருள். கழித்துப் போட்ட அடுக்கில் இப்படிப்பட்டவை கணிசமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே எதையும் உடைப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டரோடு ஒரு முழு நாள் உட்காருவது, பின்னால் சொல்லப்போகும் எல்லா வேதியியலையும்விட லாபமானது.

இனி, பழைய சிலிக்கானை மீண்டும் செல்லாகவே செய்யாமல் ஏன் செராமிக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பார்ப்போம். செல்லுக்குரிய சிலிக்கான் குறைந்தது 99.9999 சதவீதத் தூய்மை கேட்கும். பழைய செல்லை உருக்கினால் வெள்ளி, அலுமினியம், பற்றாசின் மிச்சம் எல்லாம் அதில் கலக்கும். ஒரு பக்கத்திலிருந்து மெல்ல உறையவைத்தால் பல உலோகக் கலப்புகள் கடைசியில் உறையும் பகுதிக்குத் தள்ளப்படும் என்பது உண்மையே. ஆனால் செல் தயாரிப்பின்போது வேண்டுமென்றே சேர்த்த போரான் அப்படித் தள்ளப்படுவதில்லை, பாஸ்பரஸும் எளிதில் விலகாது. செராமிக்குக்கோ இந்தக் கண்டிப்பு எதுவும் கிடையாது. சிலிக்கான் கார்பைடைச் சுட்டு இறுக்குவதற்குத் துணைப்பொருளாகப் போரானை வேண்டுமென்றே சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் புரோசாஸ்கா என்பவர் 1970களில் காட்டிய வழி அது. செல்லிலுள்ள போரான் அப்படி உதவும் அளவுக்கு இல்லை, அது வேறு. ஆனால் கெடுப்பதும் இல்லை. ஓரளவு அலுமினியம் எஞ்சியிருந்தாலும் சாணைத் துகளுக்கும் உலைச் செங்கலுக்கும் அது பெரிய குறையாகாது.

ஆற்றல் கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1890களில் எட்வர்ட் ஆச்சிசன் கண்டுபிடித்து இன்றும் உலகெங்கும் நடக்கும் முறையில், சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த, ஆற்றுமணல் போன்ற சிலிக்காவையும் பெட்ரோலியக் கரியையும் மின் உலையில் 2000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேற்றிச் சிலிக்கான் கார்பைடு எடுக்கிறார்கள். மணலிலிருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், ஒரு கிலோ கார்பைடு கிடைக்கும்போது வேதிக் கணக்குப்படியே 1.4 கிலோ கார்பன் மோனாக்சைடு வெளியேறுகிறது. பழைய செல்லிலோ அந்தப் பிடுங்கல் முன்பே நடந்து முடிந்துவிட்டது. மணலைச் சிலிக்கானாக்குவதற்கே கிலோவுக்கு 11 முதல் 13 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கிறது, அதைத் தூய்மையாக்கிய செலவு தனி. அந்தச் சிலிக்கானைக் கரியோடு சேர்த்தால் 1400 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே இரண்டும் நேரடியாகக் கூடி, தாமே வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. வெளியேறும் வாயு ஏதுமில்லை. 7 பங்கு சிலிக்கானுக்கு 3 பங்கு கரி என்பது எடை விகிதம். 700 கிராம் சிலிக்கானும் 300 கிராம் கரியும் சேர்ந்தால் ஒரு கிலோ கார்பைடு. அதாவது ஒரு பம்ப்செட் பேனலின் செல்கள் ஏறத்தாழ ஒரு கிலோ கார்பைடு தரும்.

உமிக்கரி இங்கேதான் வருகிறது, அது வெறும் ஆசைக் கற்பனை அன்று. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி; உமியை முழுதும் எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும்; அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால், கரியும் சிலிக்காவும் ஏறத்தாழ சரிபாதியாக, ஒன்றுக்குள் ஒன்று நுணுக்கமாகக் கலந்த பொருள் கிடைக்கும். அதையே சூடேற்றிச் சிலிக்கான் கார்பைடு எடுக்கலாம் என்பதை யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ, கட்லர் ஆகியோர் 1975இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். சரிபாதி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 100 கிராம் உமிக்கரியிலுள்ள 50 கிராம் சிலிக்கா கார்பைடாக மாற 30 கிராம் கரியை எடுத்துக்கொள்ளும். மீதி 20 கிராம் கரிக்கு ஜோடி இல்லை. அந்த 20 கிராமுக்குச் செல்லிலிருந்து எடுத்த சிலிக்கான் ஏறத்தாழ 47 கிராம் சேர்த்தால் எல்லாமே கார்பைடாகி, மொத்தம் 100 கிராம் கிடைக்க வேண்டும். சிலிக்கானும் சிலிக்காவும் அந்த வெப்பத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து சிலிக்கான் மோனாக்சைடு என்ற ஆவியாக மாறுவதால், திடப் பொருளைவிட எளிதாக அந்த ஆவி கரியின் நுண்துளைகளுக்குள் புகுந்து வேலை செய்யும் என்பது இந்தக் கலவைக்குரிய கூடுதல் நன்மை. ஆனால் உமியிலுள்ள சிலிக்கா முழுதும் மாறுவதற்கு 1500 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பொட்டாசியம் போன்ற உப்புகளை முன்னதாகவே நீர்த்த அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து கொட்டும் கறுப்புச் சாம்பலைப் பார்த்து அதுவே உமிக்கரி என்று எண்ணிவிட வேண்டாம். அதில் கரி பெரும்பாலும் எரிந்து போயிருக்கும், எஞ்சுவது சிலிக்கா. அதைச் சிலிக்கானோடு சேர்த்தால் கரி போதாது.

சூளையில் ஏன் முடியாது என்பதற்கு வெப்பம் ஒரு காரணம், காற்று அதைவிடப் பெரிய காரணம். நம் செங்கல் சூளை 900, 1000 டிகிரியோடு நின்றுவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளை 1200, 1300 வரை போகும். அதுவும் காற்றோட்டத்தில் எரியும் சூளை. கலவையை அதில் வைத்தால் 700, 800 டிகிரியைத் தாண்டும் முன்பே கரி எரிந்து போய்விடும். சிலிக்கான் துகள்மேல் சிலிக்காத் தோல் படியும். ஆறிய பின் கிடைப்பது உதிரும் சாம்பல்நிறக் கட்டி. காற்றை அறவே நீக்கி, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவோ வெற்றிடமோ வைத்து 1500 டிகிரியைத் தொடும் மின் உலை வேண்டும். டெல்டாவுக்குப் பக்கத்தில் அப்படிப்பட்டதைத் தேடுவதென்றால், உலோகவியல் துறை உள்ள திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில்தான் தேட வேண்டும். சோதனை அளவுக்கு அது போதும், தொழில் அளவுக்குப் போதாது.

என்னைக் கேட்டால் கார்பைடைவிட நைட்ரைடு பாதையே பழைய செல்லுக்குக் கூடுதல் பொருத்தமானது. சிலிக்கான் பொடியை வேண்டிய வடிவில் அழுத்தி, நைட்ரஜன் ஓட்டத்தில் 1200இலிருந்து 1400 டிகிரி வரை மிக மெதுவாகச் சூடேற்றினால், மூன்று சிலிக்கான் அணுக்களுக்கு நான்கு நைட்ரஜன் அணுக்கள் என்ற கணக்கில் கூடி சிலிக்கான் நைட்ரைடு உண்டாகும். எடை மூன்றில் இரண்டு பங்கு கூடும். அதாவது ஒரு கிலோ சிலிக்கானிலிருந்து ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செராமிக் வரும். கூடிய எடையெல்லாம் துகள்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்வதால், மண்பாண்டம் சுடும்போது சுருங்குவதைப் போல வடிவம் சுருங்குவதில்லை. அழுத்திய அளவே சுட்ட அளவு. ஆகவே வார்ப்படக் குழாய், வெப்பமானி உறை போன்றவற்றைச் சுட்ட பின் வைரச் சக்கரத்தில் தேய்த்துத் திருத்தும் செலவு பெருமளவு குறையும். ஆனால் இதில் அவசரம் ஆகாது. வினை கடும் வெப்பத்தை வெளிவிடும். சூட்டை வேகமாக ஏற்றினால் உள்ளே 1414 டிகிரியைத் தாண்டிச் சிலிக்கான் உருகி, பொருளின் மேல் வியர்வை மணிகளாகத் துளிர்த்துவிடும். அந்தத் துண்டு குப்பைக்குத்தான் போகும். பொடி 45 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். எஃகுக் குண்டு போட்ட ஆலையில் அரைக்கும்போது கலக்கும் சிறிதளவு இரும்பு இங்கே தொல்லையல்ல. துகளின் மேலுள்ள சிலிக்காத் தோலை உடைத்து வினையை விரைவுபடுத்தும். பார்க்க வேண்டியது சிலிக்கானின் தூய்மையைவிட நைட்ரஜனின் தூய்மையை. அதில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் பாதி நைட்ரைடு, பாதி ஆக்சிநைட்ரைடு என்று ஒரு கலப்படம் கிடைக்கும்.

இவை எங்கே பயன்படும் என்பதற்கு வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. பெயின்டர்கள் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் ஒட்டியிருப்பது சிலிக்கான் கார்பைடு. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் பூசிப் பஞ்சலோகம் வார்ப்பவர்களுக்கும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்களுக்கும் உலோகம் உருக்க மூசை வேண்டும். களிமண் பிணைத்த கிராஃபைட் மூசையைவிடக் கார்பைடு கலந்த மூசை சூட்டை விரைவாகக் கடத்தும், நெடுநாள் தாங்கும். உருகிய அலுமினியம் சிலிக்கான் நைட்ரைடில் ஒட்டாது என்பதால் அலுமினிய வார்ப்படங்களில் அதற்கு இடமுண்டு. நீர்மூழ்கிப் பம்புகளின் அச்சில் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீலின் தேய்முகம்கூடப் பல பம்புகளில் சிலிக்கான் கார்பைடுதான். கார்பைடும் கரியும் கலந்து அழுத்திய துண்டுக்குள் உருகிய சிலிக்கானை உறிஞ்சவைத்து அதைச் செய்யும் முறை உண்டு. உறிஞ்சவைக்கும் சிலிக்கானாகப் பழைய செல்லை உருக்கிப் பயன்படுத்தலாம். எனினும் சீல் முதல் முயற்சிக்குரிய பொருளன்று. அதில் ஒரு நுண்துளை இருந்தாலும் பம்பின் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். உலைத்தட்டு, மூசை, சாணைத் துகள் என்று தரக் கண்டிப்பு குறைந்தவற்றிலிருந்து தொடங்குவதே அறிவு.

இவ்வளவு சொன்ன பிறகும் உண்மையான சிக்கல் உலையில் இல்லை. செல்லைப் பேனலிலிருந்து பிரிப்பதில் இருக்கிறது. அந்தப் பிசின் கண்ணாடியையும் செல்லையும் முதுகுத்தாளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் உரித்தால் செல் தூளாகிப் பிசினோடு போகும். ஜப்பானில் 300 டிகிரியளவு சூடேற்றிய கத்தியைக் கண்ணாடிக்கும் செல்லுக்கும் நடுவே ஓட்டிக் கண்ணாடியை முழுதாகவே பிரிக்கிறார்கள். பல இடங்களில் மூடிய உலையில் 500 டிகிரி வரை சூடேற்றிப் பிசினை ஆவியாக்குகிறார்கள், அந்த ஆவி வடிகட்டிக்குள் போகிறது. இதைத்தான் காயலான் கடைக்காரர் வெட்டவெளியில் செய்கிறார், செம்புக் கம்பியை எரித்தெடுப்பதைப் போல. அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. பல பேனல்களின் முதுகுத்தாள் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக்; எரிந்தால் நுரையீரலைப் பொத்தலாக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். பற்றாசிலிருக்கும் ஈயம் சாம்பலோடு மழையில் கரைந்து வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து வயலுக்குப் போகும். பிரித்த பின்னும் அலுமினிய முதுகைக் காரத்தில் கரைத்தெடுக்கும்போது ஹைட்ரஜன் குமிழும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் எடுக்கும்போது செம்பழுப்புப் புகை வரும். இவை கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் வாளியில் செய்யும் வேலைகள் அல்ல.

விருத்தாசலத்துக்குப் போகத் தகுந்தது கண்ணாடி. 1000 பேனல் சேர்ந்தால் சிலிக்கான் 700 கிலோவளவே தேறும். கண்ணாடியோ 15 டன்னுக்கு மேல் வரும். பீங்கான் கலவையில் ஃபெல்ட்ஸ்பார் கல் செய்யும் வேலையை, அதாவது சூட்டில் இளகி மற்ற துகள்களைப் பிணைக்கும் வேலையை, கண்ணாடித் தூள் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே செய்யும். அதனால் சூளையின் எரிபொருளும் குறையும். கண்ணாடித் தூளோடு ஓரிரு சதவீதம் சிலிக்கான் கார்பைடு கலந்து 900 டிகிரியை ஒட்டிச் சுட்டால், கார்பைடு எரிந்து விடும் வாயுவில் இளகிய கண்ணாடி பொங்கி, ஆறும்போது இலேசான நுரைக்கல்லாக உறைந்துவிடும். மொட்டை மாடியில் தட்டோடுக்கு அடியில் அதைப் பரப்பினால் சித்திரை வெயில் கீழே இறங்காது. 900 டிகிரி என்பது நம் சூளைக்கு எட்டும் வெப்பம் என்பதைக் கவனியுங்கள். ஒரே எச்சரிக்கை: சோலார் கண்ணாடியில் பெரும்பாலும் ஆன்டிமனி என்ற நச்சுப் பொருளைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். ஆகவே ஊறுகாய் ஜாடிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் அந்தத் தூளைப் பூச்சாகப் பயன்படுத்தக் கூடாது. தரைக்கும் கூரைக்கும் என்றாலும் கசிவுச் சோதனை செய்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இப்போது அந்த அடுக்குக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளுக்குள் சோலார் பேனலும் செல்லும் வருகின்றன. தயாரிப்பவர்கள் 2034-35 வரை சேரும் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதும், மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே ஊராட்சி செய்யக்கூடிய வேலை, சோதித்துப் பிரித்து, உடையாமல் வைத்து, பதிவு பெற்றவரிடம் ஒப்படைப்பது. உடைந்த பேனலும் வெயில் பட்டால் மின்சாரம் தரும். 72 செல் பேனல் ஒன்றிலேயே 40 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், வரிசையாக இணைத்த நிலையில் பல நூறு வோல்ட். ஆகவே முதலில் இணைப்புகளைக் கழற்றி, கண்ணாடி முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து, தார்ப்பாயால் மூடி, நீர் தேங்காத மேட்டில் அடுக்கச் சொல்லுங்கள். செல் கோடுகளே தெரியாமல் ஒரே கறுப்புப் பலகையாக இருக்கும் பேனல்கள் இருந்தால் அவற்றைத் தனியே வையுங்கள். அவை காட்மியம் டெலுரைடு வகையாக இருக்கலாம், அவற்றில் சிலிக்கான் கிடையாது, சிலிக்கான் பேனலோடு சேர்த்து அரைத்தால் முழுச் சரக்கும் காட்மியம் கலந்து கெட்டுவிடும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது பொறியியல் படித்துக்கொண்டு, இதை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்ள விரும்பினால், பேனலை எரித்துச் செல் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. பேனல் தயாரிக்கும் ஆலைகளில் ஒட்டுவதற்கு முன்பே கீறிப்போன செல்கள் பிசின் படாமல் கிடைக்கும். அரைக் கிலோ போதும். அரைப்பதை மட்டும் முகக்கவசத்தோடு, நெருப்புப் பொறி எட்டாத இடத்தில் செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் நுண்ணிய சிலிக்கான் தூசி காற்றில் மிதக்கும்போது வெடிக்கக்கூடியது. உமியிலிருந்து வரும் கார்பைடில் ஊசி போன்ற நுண்ணிழைகளும் இருக்கும், அவை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உலையைத் திறக்கும் நாளிலும் கவசத்தைக் கழற்ற வேண்டாம்.